சிவப்பு ஜன்னல்

எங்க வீட்டு சாமி அலமாரியில் குங்குமம் எப்பவும் ஒரு குட்டி டப்பாவில்தான் இருக்கும். கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி. விபூதிக்கு உள்ளே இருப்பது மங்கலாத் தெரியுற வெள்ளை டப்பா. அம்மாவோட ஊக்கு, ஹேர்பின் எல்லாம் இன்னொரு கறுப்பு டப்பாவில். அதெல்லாம் கேமரா பிலிம் வந்த டப்பா என்பது பத்தாம் வகுப்பு வரைக்கும் எனக்குத் தெரியாது. குங்குமத்துக்குன்னே கம்பெனியில் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கறுப்பு கோடாக், வெள்ளை ஃபியூஜி என்று மாமா ஒருநாள் சொன்னபோது, பிலிம் எங்கேன்னு கேட்டேன். "உன் அக்கா மொட்டை போட்டது, காது குத்துனது எல்லாம் அதுலதான் போச்சு" என்றார்.

அங்கே ஆரம்பிச்சதுதான். இப்போ இசிஇ மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, "டப்பா"ன்னு கேட்டால் வாட்ச்மேன் அண்ணாகூட ரூமைக் காட்டுவார்.

கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் முழுக்க 35 எம்எம் பிலிம் உருளைகள், அதாவது டப்பாவுக்குள் இருக்கும் அந்த உலோகச் சுருள்கூடு. இன்னொன்றில் மற்ற எல்லாம். மஞ்சள் கோடாக் அட்டை, ஸ்டுடியோ பெயர் போட்ட நெகட்டிவ் கவர்கள், ஒருமுறை எரிந்து உள்ளே பொரிந்து போன ஃப்ளாஷ் க்யூப், பித்தம் பிடித்த வாசனை அடிக்கும் ஒரு தோல் உறை (கேமரா கிடையாது, உறை மட்டும்தான்). என் பெருமை என்னவென்றால் நாலு அலுமினிய டப்பா. பிளாஸ்டிக் வருவதற்கு முன் பிலிம் அதில்தான் வந்தது. திருகு மூடி. திறக்கும்போது ஒரு சின்ன கிறீச் சத்தம் வரும். அதுக்காகவே நைட்டு ரெண்டு தடவை திறந்து மூடுவேன், ரூம்மேட் திட்டுவான்.

எல்லாம் பெரும்பாலும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தது. அங்கே ஒரு விதி இருக்கு. பொருளைப் பார்த்ததும் உங்க கண்ணு விரிஞ்சா, கிலோ கணக்கில் போக வேண்டியது உடனே "ஆன்டிக்" ஆகிவிடும். அதனால் முதலில் துருப்பிடித்த சைக்கிள் பெல்லைத்தான் பத்து நிமிஷம் விசாரிக்க வேண்டும்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 35 எம்எம் உருளையின் மேல் செஸ் போர்டு மாதிரி வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். டிசைன் என்றுதான் நானும் நினைத்தேன். அது டிஎக்ஸ் கோட், 1983இல் கோடாக் கொண்டுவந்தது. மொத்தம் 12 கட்டம், ஆறு ஆறாக இரண்டு வரிசை. கறுப்புக் கட்டத்தில் பெயின்ட், மின்சாரம் போகாது. வெள்ளிக் கட்டம் வெறும் உலோகம், போகும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டம் கிரவுண்ட். முதல் வரிசையில் மீதி ஐந்தும் பிலிமின் வேகம், அதாவது ஐஎஸ்ஓ. இரண்டாவது வரிசையில் மூன்று கட்டம் எத்தனை படம் என்பதற்கு, கடைசி இரண்டு எவ்வளவு வெளிச்சப் பிசகைத் தாங்கும் என்பதற்கு. கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் இதைத் தொட்டுப் படித்துக்கொள்ளும். நம்பிக்கை வராமல் லேப்பில் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து ஒரு 100 ரோலையும் ஒரு 200 ரோலையும் குத்திப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். 100இல் இரண்டாவது கட்டம் சத்தம் போடவில்லை, 200இல் பீப். ஒரு பிட். செகண்ட் இயரில் எந்த லேப் எக்ஸ்பரிமென்ட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணாதான் "ரெக்கார்டு எழுதியாச்சா?"ன்னு கேட்டு அந்த சந்தோஷத்தை முடித்து வைத்தார்.

அப்புறம் 'இந்து' அட்டை. மதப் பெயர் இல்லை, இந்து என்றால் நிலா. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் விற்ற பிராண்டு. 1960இல் மத்திய அரசு தொடங்கியது, 1967இல் உற்பத்தி. எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடுற பேப்பர் எல்லாம் நமக்கு மேலே மலையில் செய்திருக்கிறார்கள். இப்போ ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது, இடத்துக்கு மட்டும் இந்து நகர் என்ற பெயர் மிச்சம். டூர் போகும்போதெல்லாம் பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

இவ்வளவு தெரிஞ்சவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் தைப் பொங்கலுக்கு ரூம்மேட் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவன் அம்மிச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். நான் டப்பா பொறுக்குறவன் என்று அவன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான் போல. சாப்பிட்டு முடித்ததும் அம்மிச்சி பீரோவுக்கு மேலே இருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவரச் சொன்னார்.

"இது அப்புச்சியோடதுங் கண்ணு. அவரு போயி பன்னண்டு வருசமாச்சு. இங்க ஆருக்கு வேணும்? நீ வெச்சுக்க."

உள்ளே ஒரு ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் செய்து நம்ம ஊர் முழுக்க விற்ற கேமரா. 120 ரோல் போட வேண்டும், ஒரு ரோலுக்குச் சதுரமாக 12 படம். அலுமினிய டப்பா நாலும் அதுக்கு முன்னாடி தூசி. எனக்குக் கை நடுங்கியது. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

மறுநாள் கோயம்புத்தூர் பஸ். ஜன்னல் சீட். கோமங்கலம் தாண்டியதும் பொறுமை போச்சு. மடியில் வைத்து, பூட்டைத் திருகி, பின்பக்கத்தைத் திறந்தேன்.

உள்ளே ரோல் இருந்தது.

படக்கென்று மூடினேன். இரண்டு செகண்ட் இருக்கும், மூன்றும் இருக்கலாம். மதியம் ஒரு மணி வெயில் நேரா மடியில் விழுந்துகொண்டிருந்தது.

இந்தக் கேமராவின் முதுகில் ஒரு சின்ன சிவப்பு ஜன்னல் உண்டு. 120 ரோலில் பிலிமுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டி வரும், அதில் எண்கள் அச்சடித்திருக்கும். ரோலைச் சுற்றச் சுற்ற அந்த ஜன்னலில் எண் வரும், எத்தனையாவது படம் என்று தெரிந்துகொள்ளலாம். பிலிம் உள்ளே இருக்கா இல்லையா என்பதைத் திறக்காமலே சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்? மூடிய பிறகுதான் பார்த்தேன். தூசியைத் துடைத்ததும் 9 என்று தெரிந்தது. எட்டு எடுத்தாச்சு, ஒன்பதாவது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்து சீட்டில் ரூம்மேட் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. ஹாஸ்டல் வந்தும் சொல்லவில்லை. பழைய ரோல், எப்படியும் கெட்டுத்தான் போயிருக்கும், என்ன இருந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேமராவை ஒரு கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். 'உள்ளே ரோலோடு இருக்கிற கிளிக் 3' என்று சொல்லிக்கொள்ளலாமே, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. சேர்க்கிறவன் புத்தி.

மூன்று வாரம் கழித்து ரூம்மேட்டின் அம்மா போன் பண்ணியபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அப்புச்சி கேமராவை டப்பாக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்களாமே, அதுல பிலிம் இருந்துச்சேடா. நான் மூணாப்புப் படிக்கறப்ப அப்பா திண்ணையில வெச்சு எங்க அம்மிச்சியை ஒரு படம் எடுத்தாரு. ரோலு முடியட்டும், அப்புறம் கழுவிக்கலாம்னாரு. அந்த வருசம் கெணறு வத்திப்போச்சு, அப்புறம் ஆரு படம் எடுத்தா? அம்மிச்சியும் அந்தத் தையிலயே போயிட்டாங்க. அவங்களுக்கு வேற படமே கெடையாது தெரியுமா?"

அதாவது, எனக்குக் கேமராவைக் கொடுத்த அம்மிச்சியுடைய அம்மா. வீட்டுச் சுவரில் எல்லாருடைய படமும் மாலையோடு இருந்தது ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு விளக்குமாடம்தான் இருந்தது. கடைசியாக எடுத்தது என்றால் எட்டாவது படம்.

அன்னைக்கு நைட்டு மொட்டை மாடியில் ரூம்மேட்கிட்ட சொன்னேன். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "பஸ்லயேவா? நான் பக்கத்துலதானடா இருந்தேன்" என்றான். அவ்வளவுதான். ஒரு வாரம் மெஸ்ஸில் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம்.

உக்கடத்துக் கடைக்காரர் ஒருத்தர் வழி சொல்லி, ஒரு பழைய ஸ்டுடியோக்காரரைப் பிடித்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இப்போ பாஸ்போர்ட் சைஸும் ஜெராக்ஸும்தான், ஆனால் பின்னால் டார்க் ரூம் அப்படியே இருந்தது. கேமராவை வாங்கி, முதலில் சிவப்பு ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெறந்தயா?"

"ஆமாங்கய்யா."

"எத்தன நேரம்?"

"ரெண்டு மூணு செகண்ட். வெயில்ல."

அவர் திட்டவே இல்லை. பாடம் எடுத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. 35 எம்எம்மா இருந்தா வெளியே இருந்தது அத்தனையும் போயிருக்கும், இது 120, பின்னாடி காகிதம் இருக்கு, அதனால வெளிச்சம் நேரா முதுகு வழியா போகாது, ரெண்டு ஓரத்துலயும் புகுந்திருக்கும். சுருளில் உள்ளே இருப்பது இறுக்கமாக இருக்கும், பிழைத்திருக்கும். வெளிச்சுற்றில் இருப்பது லூஸாக இருக்கும். "மொத எடுத்தது தப்பிக்கும், கடசியா எடுத்தது மாட்டும்" என்றார். எங்களுக்குக் கடைசியாக எடுத்ததுதான் வேண்டும் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சினிமாவில் டார்க் ரூம் என்றாலே சிவப்பு பல்பு எரியும், ஹீரோ ட்ரேயில் படத்தை ஆட்டுவார். அது பிரிண்ட் போடும் பேப்பருக்கு, அதுக்குச் சிவப்பு தெரியாது. இந்த மாதிரி பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். அதனால் கும்மிருட்டுதான். அவர் ஐஸ் வாங்கிவரச் சொல்லி, டெவலப்பர் ட்ரேயை ஐஸ் தண்ணியில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கினார். டேங்க் எல்லாம் இல்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, காகிதத்தைப் பிரித்து, பிலிமின் இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி, ஊஞ்சல் மாதிரி ட்ரேயில் மேலும் கீழுமாக ஓட்டினார். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது, சளக் சளக்கென்று. வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். நடுவில் ரூம்மேட் ஏதோ கேட்க வாயெடுத்தான், "எண்ணிக்கையைக் கெடுக்காதீங்க"ன்னு இருட்டிலிருந்து குரல் வந்தது. பிறகு தண்ணி, பிறகு ஹைப்போ. கடைசியில் விளக்கு.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு. பிலிம் முழுக்க வயசான ஒரு சாம்பல் மூட்டம், அது நாற்பது வருஷத்தின் வேலை. ஆனால் இரண்டு ஓரத்திலும் கரை போட்ட மாதிரி கறுப்பு ஓடியது, அது என் வேலை. முதல் படத்தில் நூல் அளவு. மூன்றாவதில் விரல் அளவு. போகப் போக இரண்டு கரையும் நடுவை நோக்கி வந்துகொண்டே இருந்தன.

ஒன்று: புதுசாப் போட்ட மோட்டார், மாலையோடு. இரண்டும் மூன்றும் ஆடிப் போனவை. நான்கில் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் கிணற்று மேட்டில், ரூம்மேட்டின் அம்மா. ஐந்து ஒரு மாடு. ஆறில் அப்புச்சியின் கட்டைவிரல். ஏழு யாரென்று இன்னும் தெரியவில்லை.

எட்டைப் பெரியவர் ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார். இந்தக் கேமராவில் பிலிம் குறுக்காக ஓடும், அதனால் ஓரம் என்றால் படத்தில் மேலும் கீழும். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை எடுத்தால் மேலே இருப்பது தலைதான். திண்ணை தெரிந்தது. வெள்ளைச் சீலை, மடியில் முறம், முறத்தில் இரண்டு கை. கழுத்து, தாடை, வாய். அதுக்கு மேலே ஒன்றுமில்லை.

"பழைய பிலிமுங்க, இவ்வளவுதான் வந்துச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. பொய்யும் இல்ல அது" என்றார் பெரியவர்.

காசு வாங்கவில்லை. என் அலுமினிய டப்பா கதையை ரூம்மேட் உளறியிருந்தான், "அதுல ஒண்ணு குடுத்துட்டுப் போ தம்பி, பிரஷர் மாத்திரை போட்டு வெக்க" என்று கேட்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலில் நல்லதாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

லேப்டாப்பில் வெள்ளை ஸ்கிரீன் வைத்து, மேலே நெகட்டிவைப் போட்டு, போனில் எடுத்து, நிறத்தைத் திருப்பி, நான்கையும் எட்டையும் பிரிண்ட் போட்டோம். சனிக்கிழமை உடுமலைக்குப் போனோம். பஸ்ஸில் வழி முழுக்கப் பெரியவர் சொன்ன வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல வாக்கியம்தான். எங்கேயும் இடிக்கவில்லை.

அம்மிச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மடியில் வைத்துப் பார்த்தார்.

"கடலக்கா உரிச்சுட்டு இருக்கறா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூஞ்சி எங்கீங் கண்ணு?"

"நான் தெறந்துட்டேனுங்க அம்மிச்சி. பஸ்ஸுல. உள்ள பிலிம் இருக்கான்னு பாக்காம தெறந்துட்டேன். வெயில் பட்டுப்போச்சு."

"ஏன் தெறந்தே?"

என்ன சொல்வது? "பாக்கத்தானுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லைன்னும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ரூம்மேட் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவர் கையில் இரண்டு டம்ளர் காப்பி. வைத்துவிட்டு மறுபடி படத்தை எடுத்தார். விரலால் அந்தக் கைகளை மட்டும் தடவிக்கொண்டே, "இந்த வெரலு சித்த கோணலா இருக்கும் அவளுக்கு. கதவுல நசுங்குனது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். வலது கையில் சுண்டுவிரல். ஆமாம், கோணல்தான்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை, வாங்கிப் பீரோவுக்கு மேலே வைத்தார். காலி ரீலை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பீரோ மேலே, பரணில், ஏதாவது ஒரு கேமரா நிச்சயம் இருக்கும். சிவப்பு ஜன்னல் இருந்தால் முதலில் அதில் எண் தெரிகிறதா பாருங்கள். 35 எம்எம் என்றால் மேலே இடது பக்கம் ரீவைண்டு குமிழ் இருக்கும், அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், இறுக்கினால் உள்ளே பிலிம் இருக்கு. திறக்காதீர்கள். ஹாஸ்டலில் "டப்பா" ரூம் எதுன்னு கேளுங்க, பெரியவரிடம் நான் கூட்டிட்டுப் போறேன்.

120 ரோல் இன்னும் புதுசாகக் கிடைக்கிறது. ஒரு ரோல் நம்ம மெஸ் கணக்கில் ஒரு வாரம். ஆடி லீவுக்கு நானும் ரூம்மேட்டும் காசு போட்டு ஒன்று வாங்கிப் போனோம். அம்மிச்சி அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தார், முறம் வேண்டாம்னுட்டார். "இந்தத் தடவ மூஞ்சி வரோணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவரை ஒன்று, அவரையும் மகளையும் சேர்த்து ஒன்று, ரூம்மேட்டை மாட்டோடு ஒன்று. மூன்றோடு போதும் என்றுவிட்டார், மீதியைச் சும்மா எடுத்து வீணாக்கக் கூடாதாம், விசேஷம் வரட்டுமாம். ரோல் முடியாமல் கழுவக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

கேமரா உடுமலையில் பீரோ மேலேதான் இருக்கிறது. ஜன்னலில் 4.